ஒன்பதாம் நம்பர் பூட்ஸ்

விரலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டால் ஏழாம் நம்பரே போதும். கால் உள்ளே போன பிறகு விரல் நீட்டியிருக்கிறதா மடங்கியிருக்கிறதா என்று யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

சிவகாசிச் செருப்புக்கடையில் உட்கார்ந்து கற்பகம் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். நினைத்ததைச் சொல்லவில்லை. அந்தப் பழக்கம் அவளுக்குக் குறைவு. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, கடைக்காரர் மாட்டிவிட்ட மலையேறும் ஷூவுக்குள், நத்தை கொம்பை இழுத்துக்கொள்வதுபோல விரல்களை இழுத்துக்கொண்டாள்.

"மதினி, எந்திரிச்சு ஒருதரம் நடந்து பாருங்க" என்றார் கடைக்காரர்.

நடந்தாள்.

"பிடிக்குதா?"

"இல்லயே. சொகமாத்தான் இருக்கு."

"அளந்து பார்த்ததுல ஒன்பது வந்துச்சு. ஏழு எப்படிப் பத்தும்? ஆம்பளைக செட்டுல ஒன்பது எடுத்துக் காட்டவா?"

பக்கத்தில் நின்றிருந்த அவள் கணவர் லட்சுமிகாந்தம் சட்டென்று கடைவாசலைப் பார்த்தார். தெரிந்த முகம் எதுவும் இல்லை. அவருடைய கால் எட்டாம் நம்பர். பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவருக்கு எட்டும் அவர் பெண்டாட்டிக்கு ஒன்பதும் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பினால் அதை எந்தத் தண்ணீரை ஊற்றி அணைப்பது?

"ஏன் அண்ணாச்சி, போட்டிருக்கவ சொகமா இருக்குங்கிறா. நீங்க எதுக்கு ஒன்பதுங்கிறீக? கட்டித் தாங்க."

இந்தக் கால்கட்டெல்லாம் மகள் அனுப்பிரியா போட்டது. பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அம்மாவும் மகளுமாக ஏப்ரலில் உத்தரகாண்டில் ஒரு மலை ஏறுவதற்குத் தன் சம்பளத்தில் பணம் கட்டிவிட்டுத்தான் போன் செய்தாள். லட்சுமிகாந்தம் உடனே சரி என்று சொல்லிவிட்டார். கற்பகம் தானாகவே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. மொட்டை மாடிக்கு வடகம் காயப்போட ஏறினாலே மூச்சு வாங்குகிறவள்.

கற்பகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மகள் அனுப்பிய படத்தில் மலை இருந்தது, பனி இருந்தது, ஆனால் அவளை இழுத்தது அது இல்லை. படத்தின் ஓரத்தில் ஒரு பெண் பாறைமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். அந்த டீயை அவள் போடவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஒரே ஒரு கண்டிஷன் இருந்தது. கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அடிவாரத்தில் ஒவ்வொருவர் காலையும் பார்ப்பார்களாம். பூட்ஸ் காலுக்குப் பழகியிருக்க வேண்டும். கொப்புளம் இருந்தால் மேலே விடமாட்டார்கள். அடிவாரத்திலேயே சமையல்காரரோடு இருக்க வேண்டியதுதான்.

"சமையல்காரரோட இருக்கதுக்கு எதுக்கு அம்புட்டுத் தொலைவு போகணும்?" என்று லட்சுமிகாந்தம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஏழாம் நம்பரைப் போட்டுக்கொண்டு பத்திரகாளியம்மன் கோயில் வரை போனாள். திரும்பும்போது மீன் வாங்கி வருகிறவளைப் போல ஷூவைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வெறுங்காலோடு வந்தாள். இரண்டு குதிகாலிலும் திராட்சைப் பழம்போலக் கொப்புளம்.

போனில் மகள் கத்தினாள். "அம்மா, சாயங்காலம் போய் வாங்கும்மா. அப்பதான் காலு உப்பி முழு அளவுல இருக்கும். தடிச்ச சாக்ஸைக் கையோட கொண்டு போய் அதைப் போட்டுப் பாரு. குதிகால் உள்ள தூக்கக்கூடாது. முன்னால விரலுக்கும் நுனிக்கும் நடுவுல ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கணும்."

"ஒரு விரலுக்கு எதுக்குடி அம்புட்டு இடம்?"

"இறங்கும்போது முட்டும்மா. நகமே கழண்டுரும். உன் காலு ஒன்பதுன்னா ஒன்பதுதான். அதுல என்ன வெட்கம்?"

மதுரைக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போனாள். சாயங்காலம்தான் போனாள். அந்தக் கடையில் சரிவாக ஒரு பலகை போட்டிருந்தார்கள். மலையில் இறங்குவதுபோல அதில் இறங்கிப் பார்க்கலாம். ஆண்கள் செட்டில் ஒன்பதாம் நம்பர். கரும்பழுப்பு நிறம், கணுக்காலுக்கு மேலே வரை தோல், அடியில் டிராக்டர் டயர்போலப் பல்.

பலகையில் இறங்கினாள். எதுவும் முட்டவில்லை. இன்னொரு தடவை இறங்கினாள். உள்ளே கால், பந்தியில் நல்ல இடம் கிடைத்தவர் சம்மணம் போட்டு உட்கார்வதுபோலப் பரவி உட்கார்ந்துவிட்டது. கற்பகத்துக்குக் கண் கலங்கியது. ஒரு பூட்ஸுக்காகவா அழுவார்கள் என்று கடைப்பையன் நினைக்கக்கூடாதே என்று விலையை விசாரித்தாள்.

வீட்டில் லட்சுமிகாந்தம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏ கற்பகம், வீட்டுக்கு யாரு வந்திருக்கா? போலீஸா?"

"என்னுதுங்க."

அவர் தன் காலை அதற்குள் விட்டுப் பார்த்தார். முன்னால் இடம் கிடந்தது. பின்னாலும் கிடந்தது. காலை வெளியே எடுத்துக்கொண்டார்.

"இந்தா பாரு, இதைப் போட்டுக்கிட்டு நம்ம தெருவுல மட்டும் நடக்காத. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. நம்மளைத் தெரியாத பக்கமாப் பார்த்து எங்கயாவது போய் நட."

யோசனை சரியாகத்தான் பட்டது. வெம்பக்கோட்டை அணைக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஆட்களை ஏற்றிவரக் கம்பெனி வேன் விடிகாலையில் போகும். டிரைவர் மாரீஸ்வரன் அணைக்கரையில் அவளை இறக்கிவிடுவதென்றும், ஆட்களைக் கம்பெனியில் இறக்கிவிட்டு வந்து அவளை ஏற்றிக்கொள்வதென்றும் முடிவாயிற்று. வீட்டுக்காரர் எழுந்திருப்பதற்குள் வேன் கிளம்பிவிடும். அவள் திரும்புவதற்குள் அவர் கம்பெனிக்குப் போயிருப்பார்.

மகள் கூரியரில் உடுப்பும் அனுப்பியிருந்தாள். காக்கி நிறத்தில் பை பையாக வைத்த கால்சட்டை, முழுக்கைச் சட்டை, தொப்பி, முதுகில் மாட்ட ஒரு பை. 'எல்லாத்தையும் மாட்டிக்கிட்டே நடந்து பழகு' என்று உத்தரவு. வேனில் ஏறியவளை மாரீஸ்வரன் கண்ணாடியில் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். முதலாளியம்மா என்பதால் விழுங்கிக்கொண்டான்.

முதல் நாள் நடையில் கற்பகத்துக்கு அந்த ஊர்க்காரர்களை மிகவும் பிடித்துப்போயிற்று. என்ன மரியாதை! அணையை விட்டு இறங்கி ரோட்டில் நடந்தால், எதிரே வந்தவர் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார். ஒரு வீட்டு வாசலில் பட்டாசுத் திரி காயப்போட்டிருந்த ஆள் அவளைப் பார்த்ததும் திரியைப் பாயோடு சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டார். வெயில் ஏறுமுன் எடுத்து வைக்கிறார், பொறுப்பான மனுஷன் என்று நினைத்தாள். ஒரு சின்னக் கம்பெனி வாசலில் அவள் நின்று லேஸை முடிந்தாள். அதற்குள் உள்ளே ஓட்டமும் நடையுமாகச் சத்தம். காலியாகத் தொங்கிய வாளிகளில் யாரோ மணலை அள்ளி நிரப்பினார்கள். ஒருவர் இளநீரை வெட்டிக்கொண்டே ஓடிவந்தார்.

"குடிங்க மேடம்."

மேடம்! கற்பகம் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"எம்புட்டு?" என்று பர்ஸைத் தேடினாள். அந்தக் கால்சட்டையில் எந்தப் பையில் எது இருக்கிறதென்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. அவள் ஒவ்வொரு பையாகத் தட்டத் தட்ட அந்த ஆள் வியர்த்துப்போனார்.

"ஐயோ, துட்டெல்லாம் வேண்டாம் மேடம். நாங்க ரூல்ஸ்படிதான் ஓட்டுறோம்."

இளநீருக்கு என்ன ரூல்ஸ் என்று யோசித்துக்கொண்டே குடித்தாள்.

இரண்டாம் நாளோ அதற்கு அடுத்த நாளோ, அணைக்கரையில் ஒரு துணை கிடைத்தது. நூல் சேலை, ரப்பர் செருப்பு, கையில் ஒயர் கூடை. நாற்பது வயதுக்குள் இருக்கும். வள்ளித்தாய் என்று பெயர் சொன்னாள். ஊருக்குப் புதுசாம்.

"சுகர் எட்டிப் பார்க்குதுக்கா. நடக்கச் சொல்லியிருக்காக. நடக்கலாம்னு வந்தா ஒவ்வொரு தெருமுக்குலயும் நாலு நாயி. உங்க பூட்ஸ் சத்தம் கேட்டாத்தான் அதுக ஒதுங்குதுக. நீங்க முன்னால போங்கக்கா, நான் உங்க நிழல்லயே வந்துருதேன்."

கற்பகம் யாருக்கும் முன்னால் நடந்தவள் இல்லை. கோயிலோ கல்யாணமோ, முன்னால் லட்சுமிகாந்தம், பின்னால் அவள். இப்போது பின்னால் ஒருத்தி வந்தாள். நாய் குரைத்தால் "யக்கா யக்கா" என்று முதுகுப்பையைப் பிடித்துக்கொண்டாள். பூட்ஸ் சத்தத்துக்கு நாய்கள் உண்மையிலேயே விலகின. கற்பகம் சில இடங்களில் தேவையில்லாமலே கொஞ்சம் அழுத்தி மிதித்தாள்.

பேச்சும் வந்தது. இது யார் கம்பெனி, அது யார் வீடு, இந்த ரோடு எங்கே போகிறது என்று வள்ளித்தாய் கேட்பாள். கற்பகம் தெரிந்ததைச் சொல்வாள். வீட்டில் அவளிடம் யாரும் கேள்வியே கேட்பதில்லை. சோறு ஆயிற்றா என்பதைத் தவிர.

ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது லட்சுமிகாந்தம் இட்லியைத் தொடவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ஆறுது."

"இட்லியா இப்ப முக்கியம்? மேலேருந்து புதுசா ஒரு லேடி ஆபீசர் இறங்கியிருக்கா. வண்டி கிடையாது, ஆளு கிடையாது. பூட்ஸைப் போட்டுக்கிட்டு விடியுமுன்ன நடந்தே செக்கிங் வாராளாம். சங்கத்து வாட்ஸப் குரூப்பு பூரா இதே பேச்சுத்தான்."

கற்பகம் சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

அந்தப் பக்கத்தில் வெறுங்கால்தான் வழக்கம். பட்டாசுக் கம்பெனிக்குள் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். ஒரு கல் உரசினாலும் ஆபத்து. முதலாளிக்கும் அதேதான். அதனால் ரோட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டால் ஒரே அர்த்தம்தான். சோதனைக்கு ஆபீசர் வந்திருக்கிறார். வீட்டில் வைத்துத் திரி சுற்றுவதற்கு அனுமதி கிடையாது என்பதால் அங்கேதான் பயம் அதிகம்.

"போட்டோகூட எவனோ எடுத்துப் போட்டிருக்கான் பாரு."

போனை அவள் பக்கம் திருப்பினார். ரோடு. இரண்டு பக்கமும் சீமைக்கருவை. நடுவில் காக்கிக் கால்சட்டையும் தொப்பியுமாக ஒரு பெண்ணின் முதுகு.

"முதுகைப் பாரேன், எம்புட்டுத் திமிரு! நடையைப் பாரு! கலெக்டரே எதுக்க வந்தாலும் ஒதுங்கமாட்டா போல இருக்கு."

"இது யாருன்னு தெரியலையா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? மெட்ராஸ்காரியாம். புருசன்கூடச் சரியில்லையாம். இல்லாட்டி இந்த நேரத்துல ரோட்டுல அலைவாளா?"

அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை என்று தட்டைக் கழுவும்போது கற்பகம் நினைத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து முன்னால் போய்க்கொண்டே இருக்கிற மனுஷனுக்குப் பெண்டாட்டி முதுகு எப்படித் தெரியும்? அதைவிட, அந்த முதுகை அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. படுத்த பிறகு, அவர் தூங்கிவிட்டாரா என்று பார்த்துவிட்டு, போனை எடுத்து இன்னொரு தடவை பார்த்தாள். திமிர் இருக்கத்தான் செய்தது.

சொல்லிவிட வேண்டும் என்றும் இருந்தது. வேண்டாம் என்றும் இருந்தது. வெயில் காலத்தில் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் அந்த ஊரில் பெண்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து புகை எந்தத் திசையில் என்று பார்ப்பார்கள். அவளும் பார்த்திருக்கிறாள். இப்போது வாளிகளில் மணல் இருந்தது. ஒரு பொய்க்குப் பயந்து நிரப்பிய மணலும் மணல்தானே.

ஆனாலும் மனசாட்சி உறுத்தியது. மறுநாள், திரிப் பாயோடு ஓடிய ஆளிடம் நேராகவே போனாள்.

"பயப்படாதீக. நான் ஆபீசர் இல்ல. சும்மா நடக்க வந்தேன்."

அவர் கும்பிட்டார். "சரிங்க மேடம். நீங்க சும்மாத்தான் வந்தீக. நான் யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

அன்று ராத்திரி லட்சுமிகாந்தம் குரூப்பில் வந்ததை வாசித்தார். "சும்மாத்தான் வந்தேன்னு வாயாலயே சொல்றாளாம். ஏ, அப்படிச் சொன்னா ரொம்பப் பெரிய எடம்னு அர்த்தம்."

அடுத்த நாள் கற்பகம் காக்கியை விட்டுவிட்டு வீட்டில் கட்டும் வாயில் சேலையோடு போனாள். காலில் மட்டும் பூட்ஸ். பழக வேண்டியது அதுதானே.

'மாறுவேசத்தில் திரிகிறாள். சேலை கட்டிய யாரையும் நம்பாதே' என்று குரூப்பில் வந்தது. அன்றைக்கு அந்த ரோட்டில் சேலை கட்டிய அத்தனை பெண்களுக்கும் இளநீர் கிடைத்ததாக மாரீஸ்வரன் சொன்னான். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் வேன் இரண்டு தடவை ரோட்டை விட்டு இறங்கி ஏறியது.

"அக்கா, ஒரு வாரமா வீடுகள்ல திரி சுத்துறவனெல்லாம் கடையை மூடிட்டான். நம்ம கம்பெனிக்கே திரி வரலை. லோடு நிக்குது. மொதலாளி போர்மேன் அய்யப்பனைப் போட்டுக் காய்ச்சுதாரு."

"ஏன், நீ சொல்லவேண்டியதுதானே அவருகிட்ட, அது நம்ம அக்காதான்னு?"

"நானா? நான் பிள்ளைகுட்டிக்காரன்க்கா."

இத்தனைக்கும் நடுவில் பூட்ஸ் பழகிவிட்டது. தோல் கணுக்காலுக்கு ஏற்ப மடிந்துகொண்டது. கொப்புளம் ஆறி, அந்த இடம் எதுவென்றே தெரியவில்லை. ரயிலுக்கு முந்தின நாள் ராத்திரி அவள் பையில் கம்பளிச் சட்டையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மத்தியானம் விருதுநகரில் ரயில். பெங்களூர் போய் அங்கிருந்து மகளோடு போக வேண்டும்.

லட்சுமிகாந்தம் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

"இந்தா பாரு, அந்தப் பையை எடுத்து உள்ள வை. நீ இந்தத் தடவை போகவேண்டாம்."

அவள் கை நின்றது.

"அனுவுக்கு நான் சொல்லிக்கிடுதேன். நாளைக்கு விடிய நானே அந்த ஆபீசரை நேர்ல பார்த்துப் பேசலாம்னு இருக்கேன். பேசிப் பதமா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, மத்தியானம் நம்ம வீட்டுச் சாப்பாட்டைப் போட்டா எப்பேர்ப்பட்ட ஆபீசரும் இறங்கி வந்துருவாக. நாட்டுக்கோழி அடிச்சு, கறி பொரிச்சு, நீ வைக்கிற ரசத்தையும் வச்சுட்டேன்னா முடிஞ்சு போச்சு. நீ இல்லாம இது ஆகாது. மலை எங்க ஓடிப்போவுது? அடுத்த வருசம் போ."

கற்பகம் கம்பளிச் சட்டையின் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஏங்க. அந்த ஆபீசர் நான்தாங்க."

லட்சுமிகாந்தம் ஒரு கணம் பார்த்தார். பிறகு கட்டில் ஆடும்படி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"உன்னைப் பார்த்து நம்ம வீட்டுப் பூனையாவது பயந்திருக்கா? அது உன் மடியில ஏறில்ல படுக்குது! போ போ, போய்ப் படு. காலையில கறிக்குச் சொல்லிவிடணும்."

உண்மையைச் சொல்லியும் தீராத சங்கடம் ஒன்று இருக்க முடியும் என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது. சொல்லாமல் இருந்த காலத்தில், சொல்லிவிட்டால் தீரும் என்ற ஒரு நினைப்பாவது இருந்தது. பையை மூடினாள். உள்ளே வைக்கவும் இல்லை, வாசலில் வைக்கவும் இல்லை. அறை நடுவில் விட்டுவிட்டுப் படுத்தாள்.

விடிகாலையில் எப்போதும்போல எழுந்தாள். கடைசித் தடவையாக நடந்துவிட்டு வருவோம் என்று தோன்றியது. காக்கியை மாட்டினாள். தொப்பி, பை எல்லாம். மாரீஸ்வரன் அணைக்கரையில் இறக்கிவிட்டான். வள்ளித்தாய் அன்றைக்கு இன்னும் வந்திருக்கவில்லை. கற்பகம் தனியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போகாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. வீட்டில் ரசம் கொதிக்கும். ஒன்றுமே ஆகாது என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பின்னால் ஒரு கார் வந்து நிற்கிற சத்தம். கதவு மெதுவாகத் திறந்து மெதுவாக மூடியது. ஜாக்கிரதையான வெறுங்கால் நடை. யாரோ செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

"வணக்கம் மேடம்."

கற்பகம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. தன் கணவர் இவ்வளவு இனிமையாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"நான் லட்சுமிகாந்தம் மேடம். சின்னதா ஒரு கம்பெனி வச்சு ஓட்டுறேன். சாத்தூர் காராச்சேவு கொஞ்சம் கொண்டாந்திருக்கேன். தப்பா நினைக்கக்கூடாது, சும்மா வாயில போட. மேடம் இப்படி நடந்து கஷ்டப்படுறதைப் பார்த்தா மனசு கேக்க மாட்டேங்குது. உங்களை மாதிரி ஒரு பொம்பளையை நான் பார்த்ததே இல்ல மேடம். என்ன ஒரு நடை, என்ன ஒரு கம்பீரம்! வீட்டுலகூட சொல்லிக்கிட்டே இருப்பேன், பொம்பளைன்னா இப்படி இருக்கணும்னு."

"சொன்னீகளா?" என்று கற்பகம் தண்ணீரைப் பார்த்தபடி மெல்லக் கேட்டாள்.

"சத்தியமா மேடம். என் வீட்டுக்காரிகிட்டயே கேளுங்க. இன்னைக்கு எங்கயோ ஊருக்குப் போறதா இருந்தா பாவம், பிள்ளை மாதிரி பை எல்லாம் கட்டி வச்சிருந்தா. மேடம் வர்றீகன்னு நிறுத்தி வச்சுட்டேன். மத்தியானம் நீங்க வீட்டுக்கு வரணும். அவளை மாதிரி சமைக்க ஆளு கிடையாது. வேற ஒண்ணும் தெரியாது அவளுக்கு, ஆனா சமையல்னா…"

கற்பகம் திரும்பினாள்.

காராச்சேவுப் பொட்டலம் கரைமேல் விழுந்து உருண்டது. லட்சுமிகாந்தத்தின் வாய் 'சமையல்னா' என்ற இடத்திலேயே திறந்து நின்றது. அவர் தொப்பியைப் பார்த்தார், காக்கியைப் பார்த்தார், கடைசியாகப் பூட்ஸைப் பார்த்தார். அதை மட்டும்தான் அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"நீ… நீயா?"

"நேத்தே சொன்னேன்ல."

அவர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் மெல்ல மெல்ல முகத்தில் ரத்தம் வந்தது. அப்புறம் சிரிப்பே வந்துவிட்டது.

"அப்ப ஆபீசர்னு எவளும் கிடையாதா? எல்லாம் நீதானா? ஏ கற்பகம், வயித்துல பாலை வார்த்தியே! இரு, அய்யப்பனுக்குப் போனைப் போடுதேன், எல்லாத்தையும் திறந்து பழைய மாதிரியே ஓட்டச் சொல்லி…"

"போனை வச்சுருங்க சார்" என்றது ஒரு குரல்.

வள்ளித்தாய் கரைமேல் ஏறி வந்துகொண்டிருந்தாள். அதே நூல் சேலை, அதே ரப்பர் செருப்பு, அதே ஒயர் கூடை. கீழே ரோட்டில் ஒரு அரசாங்க ஜீப் நின்றது. அதிலிருந்து இறங்கியவர்கள் அவளுக்கு இரண்டடி பின்னால், மரியாதையான தூரத்தில் நடந்து வந்தார்கள்.

"அக்கா, மன்னிச்சுக்கிடுங்க" என்றாள் முதலில் கற்பகத்தைப் பார்த்து. "மேலேருந்து வந்திருக்க ஆபீசர் நான்தான். ஜீப்புல வந்திருந்தா எல்லாரும் வாசல்ல நின்னு சிரிச்சுக்கிட்டே காபி குடுத்திருப்பாக. எவன் மடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கவே செய்யாது. நீங்க பூட்ஸோட முன்னால நடந்தீக பாருங்க, எந்தக் கதவு பயந்து அடைக்குதுன்னு நான் பின்னால பார்த்துக்கிட்டே வந்துட்டேன். இன்னைக்கு அந்தக் கதவையெல்லாம் தட்டப்போறேன்."

"அப்ப அந்த நாயெல்லாம்?" என்று கேட்டாள் கற்பகம்.

"நாய்க்குப் பயந்தது நெசம்க்கா" என்றாள் வள்ளித்தாய், வெட்கத்தோடு.

லட்சுமிகாந்தம் எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார். இரண்டு கைகளையும் கூப்பினார். "நல்ல காரியம் மேடம். தட்டுங்க, நல்லாத் தட்டுங்க. வீடுகள்ல வச்சுத் திரி சுத்துறானுகளே, அவனுகளைத்தான் முதல்ல பிடிக்கணும்."

வள்ளித்தாய் அவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள்.

"சார், அக்கா பூட்ஸைப் பார்த்து முதல்ல அடைச்ச கதவே உங்க கம்பெனிக்குத் திரி சுத்துற வீட்டுக் கதவுதான்."

லட்சுமிகாந்தம் பெண்டாட்டி பக்கம் நகர்ந்தார். அவள் காதருகே குனிந்து, இத்தனை வருஷத்தில் பேசியிராத தணிந்த குரலில் பேசினார்.

"கற்பகம்… உன் சிநேகிதிதானே. மத்தியானம் சாப்பிடக் கூப்பிடு. நீ வீட்டுக்கு வந்து அடுப்பைப் பத்த வையி, மத்ததை நான் பார்த்துக்கிடுதேன்."

கற்பகம் தொப்பியைக் கழற்றித் தூசியைத் தட்டினாள். மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"இல்லைங்க. எனக்கு மத்தியானம் ரயிலு."